நான்கு கல் இருந்தும் ஒற்றைப் பரோட்டா

வாசகர் கேள்வி – பதில்

போன மாதம் இந்தப் பக்கத்தில், "பழைய கணினி தவழ்கிறதா? ஹார்டு டிஸ்கைக் கழற்றி வைத்துவிட்டு எஸ்எஸ்டி மாட்டுங்கள்" என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். எஸ்எஸ்டி என்பது சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளிலேயே தரவைச் சேமிக்கும் கருவி. மாட்டியவர்கள் பலர் என்னைத் தேடிப்பிடித்துத் திட்டியிருக்கிறார்கள். கடிதத்தில் திட்டியவர்கள் பாதி. சிம்மக்கல் சந்தில் இருக்கும் என் பட்டறைக்கே வந்து, முக்காலியில் உட்கார்ந்து, நான் வாங்கிக் கொடுத்த தேநீரைக் குடித்துக்கொண்டே திட்டியவர்கள் மீதி. பாலிடெக்னிக்கில் முப்பத்தோரு ஆண்டு பாடம் நடத்தியவனுக்கு வசவு புதிதல்ல. ஆனால் கேள்விகள் நல்ல கேள்விகள். பெரும்பாலானவை, எஸ்எஸ்டி ஏன் சில நேரம் பறக்கிறது, சில நேரம் தவழ்கிறது என்ற ஒரே முடிச்சில் வந்து நிற்பதால், இந்த மாதப் பக்கம் முழுவதையும் அதற்கே கொடுக்கிறேன். மின்விசிறி ரெகுலேட்டர் பற்றிக் கேட்ட வாடிப்பட்டி வாசகர் அடுத்த மாதம் வரை பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: கல்யாண வீடுகளுக்குப் படம் எடுப்பது என் தொழில். மூன்று மாதத்துக்கு முன்பு ஒரு என்விஎம்இ எஸ்எஸ்டி வாங்கினேன். படிக்கும் வேகம் வினாடிக்கு 3,500 மெகாபைட் என்று பெட்டியில் அச்சிட்டிருக்கிறார்கள். பெரிய வீடியோ கோப்பு என்றால் உண்மையிலேயே பறக்கிறது. ஆனால் ஆல்பம் மென்பொருள் உண்டாக்கி வைத்திருக்கும் சின்னச் சின்ன முன்னோட்டப் படங்கள் எண்பதாயிரம் இருக்கின்றன. அவற்றை நகலெடுத்தால் வேகம் 30, 40 மெகாபைட்டைத் தாண்ட மறுக்கிறது. கடைக்காரர் என்னை ஏமாற்றிவிட்டாரா, ஐயா?
— புகைப்படக் கலைஞர், திருமங்கலம்

பதில்: இல்லை தம்பி, கடைக்காரர் மேல் பழி போடாதீர்கள். பெட்டியில் இருக்கும் எண்ணும் உண்மை, நீங்கள் பார்க்கும் எண்ணும் உண்மை. இரண்டுக்கும் நடுவில் ஒரு கதை இருக்கிறது.

என்விஎம்இ என்பது எஸ்எஸ்டியும் கணினியும் பேசிக்கொள்ளும் விதிமுறை. நீங்கள் வாங்கிய அந்தக் குச்சி 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். அதன் மேல் ஒட்டியிருக்கும் தாளை உரித்துப் பார்க்காதீர்கள், உத்தரவாதம் போய்விடும். நான் அப்படி ஒருமுறை ஆர்வத்தில் உரித்துவிட்டு, பிறகு அது பழுதானபோது, உரித்த இடத்தில் பசை போட்டு ஒட்டிக்கொண்டு போய் நின்றிருக்கிறேன். சேவை மையத்துப் பெண் பசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பேசாமல் திருப்பிக் கொடுத்துவிட்டார். எனவே நான் பார்த்ததையே சொல்கிறேன். தெற்காவணி மூல வீதியில் ஒரு பொற்கொல்லரிடம் பழையதாக வாங்கிய உருப்பெருக்கிக் கண்ணாடி என்னிடம் இருக்கிறது. அதை வைத்துப் பார்த்தால் பலகையில் கறுப்புச் சதுரங்கள் மூன்று நான்கு தெரியும். ஒன்று கன்ட்ரோலர், அதாவது மேஸ்திரி. மற்றவை 'பிளாஷ்' எனப்படும் நினைவகச் சில்லுகள். ஆனால் சில்லு என்று நாம் பார்ப்பது வெறும் பொட்டலம்தான். அதற்குள் 'டை' எனப்படும் சிலிக்கன் துண்டுகள் இரண்டோ நான்கோ எட்டோ, தோசை அடுக்கியதுபோல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு டையும் தனியாக வேலை செய்யக்கூடியது. ஒரு டைக்குள்ளேயே 'பிளேன்' என்று இரண்டு அல்லது நான்கு பகுதிகள். பொட்டலங்களிலிருந்து மேஸ்திரிக்குப் போகும் கம்பித் தடங்களுக்குச் 'சேனல்' என்று பெயர். சாதாரணக் குச்சியில் நான்கு, விலை கூடியதில் எட்டு.

இப்போது ஒரு படிப்புக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்போம். இந்த வகை நினைவகம் பைட் பைட்டாகப் படிக்காது, பக்கம் பக்கமாகத்தான் படிக்கும். ஒரு பக்கம் இப்போதெல்லாம் பெரும்பாலும் 16 கிலோபைட். சிற்றறைகளில் இருக்கும் மின்னூட்டத்தை அளந்து அந்தப் பக்கத்தைத் தற்காலிகமாக வைக்கும் தன் பதிவேட்டுக்குக் கொண்டுவர ஒரு டைக்கு ஏறக்குறைய 60 மைக்ரோவினாடி பிடிக்கும் என்று வையுங்கள். அங்கிருந்து சேனல் வழியாக வெளியே தள்ளவும், பிழை திருத்தவும், கணினியின் மென்பொருள் அடுக்குகளைக் கடக்கவும் இன்னும் கொஞ்சம். மொத்தம் 80 மைக்ரோவினாடி. ஒன்று முடிந்த பிறகே அடுத்ததைக் கேட்டால் வினாடிக்கு 12,500 முறை படிக்கலாம். ஒவ்வொரு முறையும் 4 கிலோபைட் என்றால் 51 மெகாபைட். கோப்பைத் திறக்க, மூட, பெயரைத் தேட, வைரஸ் தடுப்பு மென்பொருள் மோந்து பார்க்க என்று கொஞ்சம் கழித்துவிட்டால், நீங்கள் திரையில் பார்க்கும் 30, 40 வந்துவிட்டதா?

அப்படியானால் அந்த 3,500 எங்கிருந்து வருகிறது? எங்கள் சந்து முனையில் இருக்கும் பரோட்டாக் கடைக்கு இரவு எட்டு மணிக்கு வாருங்கள், காட்டுகிறேன். நான்கு கல். ஒவ்வொரு கல்லிலும் ஒரு ஈடு வேக நாலைந்து நிமிடம் ஆகிறது. அதை யாராலும் குறைக்க முடியாது, குறைத்தால் மாவுதான் கிடைக்கும். ஆனால் வெந்ததைக் கல்லிலிருந்து எடுத்து, அடித்துப் பிரித்து, இலைக்குக் கொண்டுவர அரை நிமிடம் போதும். ஆகவே ஒரே ஒரு சப்ளையர், முதல் கல்லில் வெந்ததைக் கொண்டு வருவதற்குள் இரண்டாவது கல் வெந்துவிடுகிறது, அதைக் கொண்டு வருவதற்குள் மூன்றாவது. கடை முழுக்க ஆள் உட்கார்ந்து ஆளுக்கு நாலு என்று கேட்டால் கல் ஒன்றுகூட ஓய்வதில்லை. அதே கடையில் பந்த் நாளன்று நான் ஒருவன் மட்டும் உட்கார்ந்து, "ஒரு பரோட்டா" என்று சொல்லி, தின்று முடித்து, விரலையும் நக்கிவிட்டு, "இன்னும் ஒன்று" என்று கேட்டால்? நான்கு கல் இருந்தால் என்ன, நாற்பது கல் இருந்தால் என்ன, ஒரு பரோட்டா வேகிற நேரத்துக்கு ஒரு பரோட்டாதான்.

கல் என்பது டை, சப்ளையர் என்பது சேனல், உங்கள் நகலெடுப்பு அந்த ஒற்றை ஆள். ஒரு கோப்பைத் திறந்து, படித்து, எழுதி, மூடிவிட்டுத்தான் அடுத்ததைக் கேட்கிறது. வீடியோவோ ஒரே நீளமான கோப்பு. இயங்குதளம் முன்கூட்டியே பெரிய பெரிய துண்டுகளாகக் கேட்டு வைத்துவிடுகிறது. எழுதும்போதே மேஸ்திரி அதை எல்லா டைகளிலும் பரப்பி எழுதியிருப்பதால், படிக்கும்போது எல்லாக் கல்லும் ஒரே சமயத்தில் சூடாகிறது. பெட்டியில் போட்டிருக்கும் எண் இந்த நிலையில் எடுத்தது.

கல் வேகிற கணக்கை இன்னும் கொஞ்சம் கிண்டலாம், இது எனக்குப் பிடித்த இடம். சேனல் வினாடிக்கு 1,600 மெகாபைட் கடத்தும் என்றால், 16 கிலோபைட் பக்கம் ஒன்றைக் கடத்த 10 மைக்ரோவினாடி ஆகிறது. வேக 60, கொண்டுவர 10. ஆக, ஒரு சப்ளையரை ஓயாமல் நடக்க வைக்க ஒரு சேனலில் ஆறேழு டை வேண்டும். இரண்டு பிளேனிலும் ஒரே சமயத்தில் படிக்க வைத்தால், ஒரு வேகலில் இரண்டு பக்கம் கிடைக்கும். அப்போது நாலு டை போதும். இதற்கு மேல் ஒரு தந்திரமும் உண்டு. டைக்குள் பதிவேடு இரண்டு இருக்கும். வெந்த பக்கத்தை இரண்டாவது பதிவேட்டுக்கு நகர்த்திவிட்டு, அது வெளியே போய்க்கொண்டிருக்கும்போதே அடுத்த பக்கத்தை அளக்கத் தொடங்கிவிடலாம். மாஸ்டர் வெந்ததைப் பக்கத்துத் தட்டில் தள்ளிவிட்டு உடனே அடுத்த ஈட்டைக் கல்லில் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதேதான். எஸ்எஸ்டி வேகமாகிக்கொண்டே வருகிறது என்றால், அது வேகும் நேரம் குறைந்ததால் அல்ல. ஒரு சிற்றறையில் ஒற்றை பிட் மட்டும் வைத்த பழைய சில்லுகள் 25 மைக்ரோவினாடியில் படித்தன, இன்று மூன்று பிட் வைக்கும் சில்லு அதைவிட மெதுவாகத்தான் படிக்கிறது. கூடியதெல்லாம் கல்லின் எண்ணிக்கையும் சப்ளையரின் நடையும்.

நீங்கள் செய்யக்கூடியது இதுதான். விண்டோஸோடு ரோபோகாப்பி என்ற கட்டளை இலவசமாகவே வருகிறது. அதில் 'எம்டி' (/MT) என்ற தெரிவைச் சேர்த்தால், எட்டுக் கோப்புகளை ஒரே சமயத்தில் நகலெடுக்கும். எண் கொடுத்தால் 128 வரை போகும். 16 கொடுத்துப் பாருங்கள். நகல் போய்ச் சேரும் இடம் ஹார்டு டிஸ்க் என்றால் மட்டும் இதைச் செய்யாதீர்கள். அங்கே ஒரே ஒரு கை. நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும் தட்டில் அது இடம் தேடிப் போய் நிற்கவே 12 மில்லிவினாடி போல ஆகும். பதினாறு பேர் பதினாறு பக்கம் இழுத்தால் கை ஒடிந்துபோகும். அந்த முன்னோட்டப் படங்களை வேலை முடிந்த கல்யாணத்துக்கு எல்லாம் ஒரே 'ஜிப்' பொதிக்கோப்பாகக் கட்டி வைத்துவிடுங்கள். பெண் வீட்டார் ஆறு மாதம் கழித்துத்தான் ஆல்பம் கேட்பார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

இன்னொன்று. நமது ஊர் மே மாத வெயிலில், மூடிய பெட்டிக்குள் இந்தக் குச்சி 70, 80 டிகிரியைத் தொட்டால் மேஸ்திரி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்வார். இருநூறு ரூபாய்க்கு ஓர் அலுமினியப் பட்டை வாங்கி மேலே ஒட்டுங்கள். கைபேசி வாங்கியவுடன் கண்ணாடி ஒட்டுகிறோம், இதற்கு ஒட்ட மாட்டேன் என்கிறோம்.

கேள்வி: நான் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவி. மழைப்பதிவும் வைகை நீர்மட்டமும் சேர்ந்த 20 ஜிபி கோப்பு ஒன்றை வைத்துத் திட்டப்பணி செய்கிறேன். அதிலிருந்து 4 கிலோபைட் துண்டுகளாக அங்கங்கே படிக்க வேண்டும். நிரலில் ஒரே சமயத்தில் ஓடும் இழைகளை (த்ரெட்) ஒன்றிலிருந்து பதினாறு வரை கூட்டினேன். வேகம் பதினாறு மடங்கு ஆகவில்லை, பத்து மடங்கோடு நின்றுவிட்டது. இன்னொரு விந்தை: ஆறு மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து எழுதப்பட்ட அந்தக் கோப்பை முதலிலிருந்து கடைசி வரை வரிசையாகப் படித்தால் மெதுவாக இருக்கிறது. அதையே நகலெடுத்து, நகலைப் படித்தால் வேகமாக இருக்கிறது. உள்ளே இருப்பது அதே எழுத்துகள்தானே, சார்?
— மாணவி, நாகமலை புதுக்கோட்டை

பதில்: இரண்டாவது கேள்வியைப் படித்தவுடன், "நகலெடுத்த கோப்பு ரேமில் உட்கார்ந்திருக்கும், அதனால்தான் வேகம்" என்று எழுதப் போனேன். கடிதத்தின் ஓரத்தில், "கணினியை அணைத்துத் திறந்த பிறகும் அப்படித்தான்" என்று பொடி எழுத்தில் எழுதியிருந்தீர்கள். நல்ல வேளை. இப்படி ஓரத்தில் எழுதும் பிள்ளைகளை எனக்குப் பிடிக்கும்.

முதல் கேள்விக்கு விடை நிகழ்தகவில் இருக்கிறது, அம்மா. உங்கள் எஸ்எஸ்டியில் 16 டை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 16 கோரிக்கைகளைக் கண்ணை மூடிக்கொண்டு வீசினால், டைக்கு ஒன்று என்று அழகாகப் போய் விழாது. ஒரு டையில் எதுவுமே விழாமல் இருக்க வாய்ப்பு, பதினாறில் பதினைந்தைப் பதினாறு முறை தன்னாலேயே பெருக்கினால் வருவது: 0.356. அதாவது சராசரியாக ஆறு டை சும்மா இருக்கும். வேறு சில டைகளின் வாசலில் இரண்டு மூன்று பேர் நிற்பார்கள். வேலை செய்வது பத்து. நீங்கள் பார்த்த பத்து மடங்கு இதற்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது பாருங்கள். கோரிக்கைகளை 64 ஆக்கினால் சும்மா இருக்கும் டை சராசரியாக ஒன்றுகூட இராது. கல்லின் எண்ணிக்கையைவிட ஆள் கூட்டம் பல மடங்கு அதிகமாக இருந்தால்தான் எல்லாக் கல்லும் வேலை செய்யும்.

அதற்காக ஆயிரம் இழை திறக்காதீர்கள். 1961-இல் ஜான் லிட்டில் என்ற பேராசிரியர் நிறுவிய ஒரு சூத்திரம் இருக்கிறது: உள்ளே இருக்கும் ஆட்களின் எண்ணிக்கை என்பது, வரும் வேகத்தை ஒருவர் தங்கும் நேரத்தால் பெருக்கினால் வருவது. கோயிலில் தரிசன வரிசைக்கும் அது பொருந்தும், உங்கள் எஸ்எஸ்டிக்கும் பொருந்தும். எல்லா டையும் நிறைந்த பிறகு மேலும் கோரிக்கைகளைத் திணித்தால் வேகம் கூடாது. ஒவ்வொருவரும் காத்திருக்கும் நேரம்தான் கூடும். 16, 32, 64, 128 என்று கூட்டிக்கொண்டே போய், வேகக்கோடு படுக்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். அந்த வரைபடத்தை அறிக்கையில் போடுங்கள், மதிப்பெண் அதற்குத்தான்.

நீங்கள் மடிக்கணினியில் இதைச் செய்வதால் ஒன்றைக் கவனியுங்கள். பழைய சாட்டா வகை இணைப்பு என்றால் ஒரே ஒரு வரிசை, அதில் 32 கோரிக்கைகள்தான் நிற்கலாம். 2011-இல் வந்த என்விஎம்இ விதிமுறையில் ஏட்டளவில் 65,535 வரிசைகள், வரிசைக்கு 65,536 கோரிக்கைகள். யாரும் அவ்வளவு பயன்படுத்தப் போவதில்லை. ஆனால் ஒவ்வொரு செயலிக் கருவுக்கும் சொந்தமாக ஒரு வரிசை கிடைக்கிறது, பூட்டுப் போட்டுச் சண்டை போட வேண்டியதில்லை. லினக்ஸ் என்றால் இழைகளைவிட 'ஐஓ-யூரிங்' என்ற கோரிக்கை முறை மேல். 2019-இல் 5.1 பதிப்போடு வந்தது. ஒரே இழையிலிருந்து அறுபத்து நான்கு கோரிக்கைகளை வரிசையில் போட்டுவிட்டு, முடிந்தவற்றைப் பொறுக்கிக்கொள்ளலாம். கோப்பை நினைவகத்தோடு இணைத்துப் படிக்கும் 'எம்மேப்' முறை எழுத எளிதாக இருக்கிறது என்று அதில் இறங்கிவிடாதீர்கள். இல்லாத பக்கத்தைத் தொட்டவுடன் அந்த இழை அங்கேயே உறைந்து நிற்கும். மறுபடியும் ஒற்றைப் பரோட்டா.

இனி விந்தைக்கு வருவோம். எஸ்எஸ்டிக்குள் எந்தத் துண்டு எந்த டையில் இருக்கும் என்பதை உங்கள் கோப்பு முறைமை, அதாவது கோப்புகளை ஒழுங்காக வைக்கும் இயங்குதளப் பகுதி, தீர்மானிப்பதில்லை. மேஸ்திரி தன்னிடம் ஒரு பேரேடு வைத்திருக்கிறார். எழுத வந்த வரிசையில், அப்போது எது காலியோ அந்த டைக்கு அனுப்பிவிட்டுப் பேரேட்டில் குறித்துக்கொள்கிறார். ஒரே மூச்சில் 20 ஜிபி எழுதினால் முதல் துண்டு முதல் டை, இரண்டாவது துண்டு இரண்டாவது டை என்று சீராகப் பரவும். வரிசையாகப் படிக்கும்போது அடுத்தடுத்த துண்டுகள் வெவ்வேறு டைகளில் இருப்பதால் எல்லாம் ஒரே சமயத்தில் கிடைக்கும். உங்கள் கோப்போ ஆறு மாதம், சில நிமிடங்களுக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாக எழுதப்பட்டது. நடுநடுவே இயங்குதளத்தின் குறிப்பேடுகள், உலாவியின் குப்பைகள், நீங்கள் பார்த்த காணொளிகள் எல்லாம் வந்து நுழைந்திருக்கின்றன. விளைவு, அடுத்தடுத்த துண்டுகள் தற்செயலாக ஒரே டையில் போய் உட்கார்ந்திருக்கின்றன. 'அடுத்தது, அடுத்தது' என்று கேட்கும்போது மூன்று பேர் ஒரே கல் முன் நிற்கிறார்கள், பக்கத்துக் கல் குளிர்ந்து கிடக்கிறது. கோப்பு முறைமையிலும் அது பல துண்டாகச் சிதறியிருக்கும். ஒரு பெரிய கோரிக்கையாகப் போக வேண்டியது பல சின்னக் கோரிக்கைகளாக உடைந்து போகிறது. நகலெடுத்தபோது எல்லாம் மறுபடியும் சீராகப் பரவிவிட்டது. எஸ்எஸ்டியில் சிதறல் ஒரு பொருட்டே இல்லை என்று நானே வகுப்பில் பல ஆண்டு சொல்லியிருக்கிறேன். கை நகர்வதில்லை, ஆகவே சிதறலால் கெடுதல் இல்லை என்பது பாதி உண்மைதான். அந்த ஆண்டுகளில் படித்தவர்கள் யாராவது இதைப் படித்தால் திருத்திக்கொள்ளவும்.

திட்டப்பணிக்கு ஒரு யோசனை. நீங்கள் 4 கிலோபைட் கேட்டாலும் டை 16 கிலோபைட் பக்கத்தைத்தான் அளக்கிறது. மீதி 12 வீண். ஒரே நாளின் மழையும் நீர்மட்டமும் எப்போதும் சேர்ந்தே தேவைப்படுகின்றன என்றால் அவற்றைப் பக்கத்துப் பக்கத்தில் எழுதி வையுங்கள். முடிந்த இடங்களில் 128 கிலோபைட்டாகக் கேளுங்கள். அப்படிக் கேட்டால் பிரித்து அனுப்பும் வேலையை மேஸ்திரியே பார்த்துக்கொள்வார்.

ஒரு சிக்கல் மட்டும் உங்கள் கையில் இல்லை. புதிதாக எழுத இடம் வேண்டுமானால் பழையதை அழித்தாக வேண்டும். ஏதேனும் ஒரு டை அந்த அழிப்பு வேலையில் இருந்தால், அதற்குச் சில மில்லிவினாடி ஆகும். 60 மைக்ரோவினாடியில் முடிய வேண்டிய படிப்பு அதன் பின்னால் மாட்டிக்கொண்டால் ஐம்பது மடங்கு தாமதம். நல்ல கன்ட்ரோலர்கள் அழிப்பை நடுவில் நிறுத்தி வைத்து, படிப்பை முடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரும். கல்லைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருக்கும் மாஸ்டர் உங்களுக்காகக் கரண்டியைக் கீழே வைப்பாரா என்று கேட்காதீர்கள். உவமையை இதற்கு மேல் இழுத்தால் பரோட்டா கிழிந்துவிடும். அளக்கும்போது எழுதும் வேலை எதுவும் ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

கேள்வி: ஜல்லிக்கட்டு அன்று எடுத்த படங்கள் கேமராவின் 128 ஜிபி மெமரி அட்டையில் நிறைந்திருக்கின்றன. அட்டையில் 'ஏ2' என்று பெருமையாகப் போட்டிருக்கிறது. ஆனால் கணினிக்கு மாற்ற ஒரு மணி நேரம் ஆகிறது. அட்டை போலியா?
— வாசகர், அலங்காநல்லூர்

பதில்: ஒரு மணி நேரம் என்று நீங்கள் சொன்னதே துப்பு. 128 ஜிபியை 3,600 வினாடியால் வகுத்தால் வினாடிக்கு 35 மெகாபைட். அது பழைய யுஎஸ்பி 2.0 தரும் நடைமுறை வேகம். அட்டையைச் சந்தேகிக்கும் முன் அதைச் செருகும் ரீடரைத் தூக்கிப் போடுங்கள். நீலநிற வாய் உள்ள யுஎஸ்பி 3 ரீடரில், நீலநிறத் துளையில் செருகுங்கள். அரை மணிக்குள் முடிய வேண்டும். ஏ2 என்பது வினாடிக்கு 4,000 சிறு படிப்புகள் என்ற உறுதி. கோரிக்கைகளை வரிசையில் நிறுத்தி வைக்கத் தெரிந்த கருவியில் செருகினால்தான் அது கிடைக்கும். மாடு பிடிப்பதைப் படம் எடுப்பவருக்கு அது தேவையும் இல்லை. எழுதும் வேகத்துக்கு 'வி30' என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: 256 ஜிபியும் 512 ஜிபியும் ஒரே கம்பெனி, ஒரே மாடல். கொள்ளளவு மட்டும்தானே வித்தியாசம்? எனக்கு 256 போதும்.
— வாசகர், மேலூர்

பதில்: கொள்ளளவு பாதி என்றால் பெரும்பாலும் டையும் பாதி. டை பாதி என்றால் ஒரே சமயத்தில் படிக்கும் கையும் பாதி. 2022-இல் ஆப்பிள் நிறுவனம் எம்2 மேக்புக் ஏர் மாடலை வெளியிட்டபோது இது வெளிச்சத்துக்கு வந்தது. அதன் 256 ஜிபி வகையில், முந்தைய எம்1 மாடலில் இருந்ததுபோல இரண்டு சில்லு வைக்காமல் ஒன்றோடு நிறுத்திவிட்டார்கள். சோதித்தவர்கள் படிக்கும் வேகம் பாதியாக இருப்பதைக் கண்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. தொழில்நுட்பம் வளர வளரச் சிறிய எஸ்எஸ்டி மெதுவாகிறது! 512 ஜிகாபிட் டை என்றால் 64 ஜிபி. 256 ஜிபிக்கு நான்கு டை வேண்டும். ஒரு டெராபிட் டை வந்தபோது அது தனியாகவே 128 ஜிபி. இரண்டே இரண்டு டையில் வேலை முடிந்தது. நான்கு சேனல் கன்ட்ரோலரில் இரண்டு சேனல் வெறுமனே கிடக்கும். இரண்டு கல் வைத்துவிட்டு நான்கு சப்ளையரை வேலைக்கு எடுத்த கதை. இதை ஈடுகட்டத்தான் டைக்குள் நான்கு பிளேன் வைக்கிறார்கள், ஒவ்வொரு பிளேனும் மற்றதைக் கேட்காமல் தன்பாட்டில் படிக்கும்படி செய்கிறார்கள். விலை வித்தியாசம் ஒரு மாத டீ, வடைச் செலவுக்குள் இருந்தால் 512 வாங்குங்கள்.

கேள்வி: 'பிளாஷ்' என்று ஏன் பெயர் வந்தது? படிக்கும் வேகத்தாலா?
— ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், ஒத்தக்கடை

பதில்: படிப்பதால் அல்ல, அழிப்பதால். தோஷிபா நிறுவனத்தில் புஜியோ மசுவோகா இதைக் கண்டுபிடித்தபோது, ஒரு பெரிய பகுதியே ஒரே மூச்சில் அழிந்துபோவது கேமராவின் பளிச்சொளியை நினைவூட்டுகிறது என்று அவருடன் பணியாற்றிய ஷோஜி அரிஇசுமி சொன்னார், பெயர் நிலைத்துவிட்டது. 1984-இல் முதல் வகையையும், இன்று நாம் பயன்படுத்தும் 'நாண்ட்' வகையை 1987-இலும் அறிவித்தார்கள்.

கேள்வி: எங்கள் பள்ளியின் ஆண்டுவிழாப் பதிவுகளை வெளியே செருகும் எஸ்எஸ்டியில் வைத்து பீரோவில் பூட்டியிருக்கிறோம். சென்ற ஆண்டு விழா சட்டென்று திறக்கிறது. நான்கு ஆண்டுக்கு முந்தைய விழா திக்கித் திக்கி ஓடுகிறது. எஸ்எஸ்டிக்கும் வயதாகுமா?
— ஆசிரியை, உசிலம்பட்டி

பதில்: சிற்றறையில் அடைத்து வைத்த எலெக்ட்ரான்கள் காலப்போக்கில் கசியும், அம்மா. மூன்று பிட் வைக்கும் அறையில் எட்டு மட்டங்களைப் பிரித்தறிய வேண்டும்; கொஞ்சம் கசிந்தாலே ஒரு மட்டம் பக்கத்து மட்டத்தின் எல்லையைத் தொட்டுவிடும். அப்போது முதல் முறை அளக்கும்போது பிழைகள் அதிகமாக வரும். பிழை திருத்தும் சுற்று கையை விரித்தால், கன்ட்ரோலர் எல்லைகளைச் சற்று நகர்த்தி மறுபடி அளக்கும். அதுவும் சரிவரவில்லை என்றால் மறுபடியும். ஒவ்வொரு மறு அளவுக்கும் முதலில் ஆன அதே நேரம் ஆகும்.

இதில் ஒரு டை திணறினால் அந்த டை மட்டும் தாமதமாவதில்லை. உங்கள் வீடியோவின் அடுத்தடுத்த துண்டுகள் எல்லா டையிலும் பரவியிருக்கின்றன என்று மேலே சொன்னேன். ஏழு டை உடனே கொடுத்துவிட்டாலும், எட்டாவது நான்கு முறை அளந்துகொண்டிருந்தால் படம் நிற்கத்தான் செய்யும். கல்யாணப் பந்தியில் ஒரு வரிசை முழுக்கச் சாப்பிட்டு முடித்திருக்க, ஒரு பெரியவர் மட்டும் இரண்டாம் முறை ரசம் கேட்டுக்கொண்டிருந்தால் அடுத்த பந்தி எப்படி உட்காரும்? பின்னால் நிற்பவர்கள் முறைக்கலாம், அவ்வளவுதான்.

மருந்து எளிது. எல்லாவற்றையும் ஒரு ஹார்டு டிஸ்குக்கு நகலெடுங்கள். திறந்து பார்த்துச் சரியாக இருக்கிறது என்று உறுதி செய்யுங்கள். பிறகு எஸ்எஸ்டியில் அழித்துவிட்டு மறுபடியும் எழுதுங்கள். புதிதாக மின்னூட்டம் ஏறியதும் பழைய வேகம் திரும்பிவிடும்.

ஆனால் பீரோவைப் பற்றி எனக்கு ஒரு வார்த்தை இருக்கிறது. வீட்டு உபயோக எஸ்எஸ்டிக்கு, சில்லுகளுக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பு வகுத்த அளவுகோல் என்ன தெரியுமா? எழுதும் ஆயுள் தீரும் தறுவாயில் இருக்கும் எஸ்எஸ்டி, மின்சாரம் இல்லாமல் 30 டிகிரி வெப்பத்தில் ஓர் ஆண்டு தரவைத் தாங்க வேண்டும். புதிய எஸ்எஸ்டி இதைவிட நெடுநாள் தாங்கும், பயப்பட வேண்டாம். என்றாலும் அந்த 30 டிகிரியைப் பாருங்கள். கோடை விடுமுறையில் பூட்டிய பள்ளியில், மேற்குச் சுவரை ஒட்டிய இரும்பு பீரோவுக்குள் 40-ஐத் தாண்டும். சூடு கூடக் கூடக் கசிவும் வேகமாகும். அந்த ஹார்டு டிஸ்க் நகலைப் பள்ளியிலேயே விட்டுவிட்டு, எஸ்எஸ்டியை விடுமுறைக்கு வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். முழு ஆண்டுத் தேர்வு முடிந்து சாவியை ஒப்படைக்கும் அன்று மறக்காமல் இருக்க, சாவிக்கொத்திலேயே ஒரு சீட்டுக் கட்டி வையுங்கள்.